நோய் வந்த வழியைக் கேட்கும் உரிமை

2010 அக்டோபரில் கரீபியன் நாடான ஹெய்ட்டியில் காலரா கிளம்பியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். எங்கிருந்து வந்தது இந்த நோய் என்று மக்கள் கேட்டபோது, இப்போது வேண்டியது சிகிச்சைதான், யார் காரணம் என்று தேடும் நேரம் இதுவல்ல என்று சர்வதேச அதிகாரிகள் தட்டிக்கழித்தார்கள். கேட்க நியாயமாகத் தோன்றும் பதில்தான். ஆனால் வந்த வழி தெரியாவிட்டால் அந்த வழியை அடைக்க முடியாது. பாதிக்கப்பட்டவர் யாரிடம் போய் நஷ்டஈடு கேட்பது என்பதும் தெரியாது. நோயின் பூர்வீகத்தைத் துருவுவது ஆராய்ச்சியாளர்களின் வேலை மட்டுமல்ல, நோயாளியின் உரிமையும் அதில் அடங்கியிருக்கிறது.

ஹெய்ட்டியில் அந்த வழி எப்படித் துலங்கியது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடலோரக் கழிமுகத்தில் உறங்கிக் கிடந்த கிருமி வெப்பத்தில் விழித்துக்கொண்டது என்பது அப்போது பேசப்பட்ட ஒரு விளக்கம். பிரெஞ்சு மருத்துவர் ரெனோ பியாரூ, நோயாளிகளின் ஊரையும் தேதியையும் வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனார். முதல் நோயாளிகள் கடற்கரையில் இல்லை. உள்நாட்டில், மிர்பலே நகரை ஒட்டிய மேயே என்ற சிற்றூரில் இருந்தார்கள். சில நாள் கழித்துத்தான் ஆற்றின் போக்கிலேயே இறங்கி, ஆர்ட்டிபோனிட் சமவெளியில் நோய் வெடித்தது. மேயேயில் ஓடையோரமாக ஐ.நா. அமைதிப்படையின் முகாம் இருந்தது. அங்கே அந்த மாதம்தான் நேபாளத்திலிருந்து புதிய வீரர்கள் வந்திறங்கியிருந்தார்கள். செப்டம்பரில் காட்மாண்டுவில் காலரா இருந்தது. முகாமின் குழாய்கள் ஒழுங்கற்று ஓடின. லாரியில் எடுத்துப்போன கழிவு ஒரு திறந்த குழியில் கொட்டப்பட்டது. பின்னர் நேபாளக் கிருமிகளையும் ஹெய்ட்டிக் கிருமிகளையும் மரபணு வரிசையில் ஒப்பிட்டபோது, சிலவற்றுக்கு இடையே ஓரிரு எழுத்து வித்தியாசமே இருந்தது. பழைய ஆவணங்களும் இங்கே கைகொடுத்தன: 19ஆம் நூற்றாண்டில் காலரா கியூபாவையும் ஜமைக்காவையும் சூறையாடியபோதும் ஹெய்ட்டியில் அது பரவியதாகப் பதிவு இல்லை. உறங்கிக் கிடந்த கிருமி என்ற வாதம் இதனாலும் பலமிழந்தது.

பூர்வீகத்தைத் தேடினால் ஓர் இனத்தின்மீதோ நாட்டின்மீதோ பழி விழும் என்ற அச்சம் உண்டு. அது வெறும் கற்பனையல்ல. 1980களில் எய்ட்ஸ் அபாயப் பிரிவினர் என்று அமெரிக்கா ஹெய்ட்டியர்களையே பட்டியலில் சேர்த்தது. 1990இல் அவர்கள் ரத்ததானம் செய்யத் தடை வந்து, நியூயார்க்கில் பெரும் போராட்டம் வெடித்த பிறகே அது விலகியது. ஆனால் தேடாமல் விட்டால் மட்டும் பழி போட ஆள் தேடுவது நின்றுவிடுமா? 2010 இறுதியில் காலராவை மந்திரத்தால் பரப்புகிறார்கள் என்று சொல்லி, 40க்கும் மேற்பட்டோரை ஹெய்ட்டியில் கும்பல்கள் அடித்துக் கொன்றன; அவர்களில் பெரும்பாலோர் வோடூ என்ற உள்ளூர்ச் சமயத்தின் பூசாரிகள். தெளிவான விடை இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். ஒழுங்கான ஆய்வோ 'நேபாளிகள்' என்று கைகாட்டவில்லை; குழாயையும் குழியையும் காட்டியது. ஐ.நா. நியமித்த வல்லுநர் குழுவும் 2011 மே மாத அறிக்கையில் எந்தத் தனி நபரின் குற்றமும் இல்லை என்றது. அதேசமயம், காலரா பரவியுள்ள நாடுகளிலிருந்து வருவோருக்குப் பரிசோதனையோ தடுப்பு மருந்தோ தர வேண்டும், முகாம் கழிவை முகாமிலேயே சுத்திகரிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. சூழ்நிலைகளின் கூட்டு விளைவு என்று அந்தக் குழு எழுதியதில் கொஞ்சம் நழுவல் இருந்தது என்பது என் எண்ணம்.

வழி தெரிந்துவிட்டால் நிவாரணம் தானாக வந்துவிடுகிறதா என்றால், அதுவும் இல்லை. 2005இன் சர்வதேச சுகாதார விதிகள், நாட்டு எல்லை தாண்டிப் பரவக்கூடிய நோய் அபாயத்தை மதிப்பிட்ட 24 மணி நேரத்துக்குள் உலக சுகாதார நிறுவனத்துக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. பயணிகளின் கண்ணியத்தையும் மனித உரிமையையும் காக்கச் சொல்கின்றன. ஆனால் அவை அரசுகளுக்கு இடையிலான ஏற்பாடு. பிள்ளையை இழந்த தாய் அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்குப் போட முடியாது. ஐ.நா.வின் 1946 விலக்குரிமை உடன்படிக்கையின் 29ஆவது பிரிவு, தனியார் தாவாக்களைத் தீர்க்க வழி செய்ய வேண்டும் என்கிறது. ஹெய்ட்டியுடன் செய்த ஒப்பந்தத்திலும் அதற்கென ஓர் ஆணையம் அமைப்பதாக இருந்தது. அந்த ஆணையம் அமைக்கப்படவேயில்லை. 2011 நவம்பரில் 5,000 பேருக்காக வழக்கறிஞர்கள் கொடுத்த கோரிக்கையை, ஏற்கத்தக்கதல்ல என்று 2013இல் ஐ.நா. ஒதுக்கியது. நியூயார்க் நீதிமன்றங்களும் விலக்குரிமையைக் காட்டிக் கைவிரித்தன. வழக்குகளை அனுமதித்தால் அமைதிப்படை வேலையே நின்றுபோகும் என்பது விலக்குரிமைக்கு ஆதரவான வாதம். வழக்கிலிருந்து விலக்கு இருக்கட்டும். ஆனால் அதற்கு ஈடாக வாக்களித்த ஆணையத்தையும் அமைக்காமல் விட்டால் மக்கள் எங்கே போவார்கள்?

2016 டிசம்பரில் அன்றைய ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் ஹெய்ட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குள் ஆறு ஆண்டு ஓடிவிட்டது. அறிவித்த 40 கோடி டாலர் திட்டத்துக்கு நாடுகள் தந்தது அதில் சிறு பங்குதான். தனித்தனிக் குடும்பங்களுக்குப் பணம் தருவதற்குப் பதிலாக ஊர்ப்பொதுத் திட்டங்களே முன்னிறுத்தப்பட்டன. பாதிப்புக்கும் அது வந்த வழிக்கும் சான்று இல்லாமல் நிவாரணம் கேட்க முடியாது. தொற்றுக் காலத்தில் சிகிச்சைச் சீட்டு, இறப்புச் சான்று, நோய் தொடங்கிய தேதி, குடித்த நீரின் மூலம் ஆகியவற்றைக் குடும்பமும் ஊராட்சியும் அன்றைக்கே எழுதிப் பாதுகாப்பதும், கிருமி மாதிரியின் மரபணு விவரத்தை அரசு பொதுவில் வெளியிடக் கோருவதும் அதனால்தான் அவசியம். 2022 அக்டோபரில் ஹெய்ட்டியில் காலரா மீண்டும் தலைகாட்டியபோது, 2010இல் வந்த கிருமியின் வழித்தோன்றல்தான் அது என்று சில வாரங்களிலேயே சொல்ல முடிந்தது, ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய வரிசைகள் கைவசம் இருந்ததால்.