உரிமை முதலில், கடன் கடைசியில்: உயர்கல்விக் கட்டணத்தை எதிர்கொள்வது எப்படி?

கல்லூரிச் சேர்க்கைக் காலம் தொடங்கியதும் நம்மை நாடிவரும் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது, பணத்துக்கு எங்கே போவது?” அவர்களில் பலர் அதற்குள் தோட்டை அடகு வைத்திருப்பார்கள், சிலர் கந்துவட்டிக்கும் வாங்கியிருப்பார்கள். அரசு ஏற்க வேண்டிய கட்டணத்துக்காகக் கூலிக் குடும்பங்கள் கடனாளியாகின்றன. எனவே, பணம் திரட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு என்பதை முதலில் வலியுறுத்துகிறோம்.

முதல் படி: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை

அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-இல் தொடங்கப்பட்ட திட்டம் இது. இன்று பட்டியல் சாதி மாணவர்களுக்கான செலவில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்கின்றன. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் பயில்வோரின் கட்டாயக் கட்டணங்களையும் அரசே ஏற்கும் என்று தமிழ்நாடு அரசின் 2012-ஆம் ஆண்டு அரசாணை எண் 92 கூறுகிறது. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர்களும் இவ்வாணையில் அடங்குவர்.

தகுதியுள்ள மாணவர், முன்பணம் செலுத்தாமலே சேர்வதற்கு ‘ஃப்ரீஷிப் கார்டு’ முறை உள்ளது. உதவித்தொகை மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருவதால், அக்கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். வரும் தொகையில் கட்டணப் பகுதி கல்லூரிக்கு உரியது; அதை வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால் அடுத்த சிக்கல் தொடங்கிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெளிப்படையான தகுதி நடைமுறையின்றி நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்வோருக்கு இத்தொகை கிடையாது. “சீட்டும் வாங்கித் தருகிறேன், ஸ்காலர்ஷிப்பும் வரும்” என்னும் தரகரின் பேச்சை நம்பி ஏமாற வேண்டாம். கலந்தாய்வு வழியாகச் சேர்வதே பாதுகாப்பானது.

இரண்டாம் படி: மாநிலச் சலுகைகள்

குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தொழிற்கல்விக் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே செலுத்துகிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோர்க்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் வழியாக மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

கடைசிப் படி: வங்கிக் கடன்

இவற்றுக்குப் பிறகும் தேவை எஞ்சினால் மட்டுமே கல்விக் கடனை நாடலாம். நான்கு லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்க வங்கிக்கு இடமில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்காது. ஆயினும் அக்காலத்தில் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு வட்டி மானியம் உண்டா என்று எழுத்து மூலம் கேளுங்கள். கடனில் பெற்றோரும் கூட்டுக் கடனாளி என்பதை மறவாதீர்கள்.

மறுக்கப்பட்டால்?

உதவித்தொகை தாமதமாவதைக் காரணம் காட்டித் தேர்வு எழுத விடாமல் தடுப்பதும், மூலச் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பதும் நாம் அடிக்கடி காணும் அநீதிகள். மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. எனவே கல்லூரிக்கு எழுத்து மூலம் விண்ணப்பித்து, ஒப்புகை பெறுங்கள். பதில் இல்லையேல் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடமும், திங்கள்தோறும் நடைபெறும் ஆட்சியரின் குறைதீர்க் கூட்டத்திலும் மனு அளியுங்கள். அதன் பின்னர் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையமும் உயர் நீதிமன்றமும் உள்ளன. வாய்மொழியாகக் கேட்டதற்குச் சான்று இராது. தேதியிட்ட மனு ஒன்று கையில் இருந்தால், வழக்கின் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த கணக்கு ஆகிய மூன்றையும் தேர்வு முடிவுக்கு முன்பே பெற்றுவிட, உங்கள் தெருவில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு உதவுங்கள். அடகுக் கடைக்குப் போகும் முன் அந்த வீட்டுக்கு நாம் போய்ச் சேர வேண்டும்.