எளிதில் முறியும் என்பும் உடற்பயிற்சியும்

ஓடியாடி விளையாடுதல் பிள்ளைப் பருவத்தின் இயல்பு. அவ்வியல்பே இடராய் அமையும் பிள்ளைகளும் உளர். சிறு தடுக்கலாலும், சிலவேளை தூக்கி எடுப்பதனாலுங்கூட இவர்தம் என்பு முறிந்துவிடும். ஒஸ்தியோஜெனிசிஸ் இம்பர்பெக்டா என மருத்துவ நூலார் வழங்கும் இப்பிறவிநோய், ஏறத்தாழ 15,000 முதல் 20,000 பிறப்புக்களுக்கு ஒன்றாகக் காணப்படுகின்றது. என்புக்கு உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதம், பரம்பரையலகின் கோளாற்றினால் குறைவாகவோ பிழையாகவோ அமைதலே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

முறிவுக்கு அஞ்சும் பெற்றோர் பிள்ளையை அசையவிடாது காக்க விழைவர். அவ்வச்சம் இயற்கையானதே, ஆயினும் அக்காவலே கேடாய் முடிவதுண்டு. என்பு தான் தாங்கும் பாரத்துக்கேற்பத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும் என்பதை, ஜேர்மானிய அறுவை வைத்தியரான யூலியஸ் வொல்ஃப் 1892 இல் விளக்கினார். பாரமும் தசையின் இழுவையும் அற்றவிடத்து என்பு தேயும். விண்வெளியில் நெடுநாள் தங்குவோரின் என்பு தேய்வது இதற்குச் சான்று. முறிவினால் ஓய்வும், ஓய்வினால் நலிவும், நலிவினால் மீண்டும் முறிவும் நேர்கின்றன. இச்சுழலை அறுப்பதே பயிற்சியின் நோக்கம்.

குப்புறக் கிடந்து தலை நிமிர்த்தல், புரளுதல், பிறர் தாங்க இருத்தல், கால்தாங்கிகள் அணிந்து நிற்றல் எனப் பயிற்சி படிப்படியாக வளரும். நீர் உடற்பாரத்தை ஏந்துதலின், நிலத்தில் நிற்க இயலாத பிள்ளையும் இளஞ்சூட்டு நீரில் நடந்து பழகலாம். பிள்ளை தானாகவே அசைதல் வேண்டும். பிறர் அதன் கைகால்களை இழுத்தலும் முறுக்குதலும் ஆகா. தூக்குங்கால் அக்குளிற் பற்றாது, விரித்த கைகளால் தலையையும் பிட்டத்தையும் தாங்குதல் வேண்டும்.

நெதர்லாந்து நாட்டு உத்ரெக்ட் நகர ஆய்வாளர், இந்நோயின் கடுமை குறைந்த வகைகளையுடைய 34 பிள்ளைகளை இரு பிரிவாக்கி ஆராய்ந்து, 2008 இல் முடிபுகளை வெளியிட்டனர். 12 வாரம் பயின்ற பிரிவினருக்குத் தசைவலுவும் மூச்சுத்திறனும் பெருகின, களைப்புத் தணிந்தது. பயிற்சி நின்றபின் அப்பயன்களும் குறைந்தன. ஆதலின் இடையறாத பழக்கமே பயன்தரும் என்பது தெளிவு.

பயிற்சி நோயை வேருடன் களைவதன்று. என்பின் அடர்த்தியைக் கூட்டும் பிஸ்பொஸ்பொனேற்று மருந்துகளும், நீண்ட என்பினுள் உலோகக்கோல் செலுத்தும் அறுவைச் சிகிச்சையும் வேண்டியவர்க்கு அளிக்கப்படுகின்றன. எனினும் அவற்றால் எய்தும் உறுதியை, நிற்கவும் நடக்கவும் வல்ல ஆற்றலாக்குவது பயிற்சியே.

இத்தகைய மாணாக்கரை விளையாட்டு நேரத்தில் வகுப்பறை மூலையில் இருத்திவிடுதல் எளிது. வைத்தியரையும் இயன்மருத்துவரையும் வினவி, அவர்க்கேற்ற அசைவைத் தேர்ந்து, ஏனையோரோடு ஓரிடம் அளித்தல் ஆசிரியர் கடன். மோதலும் வீழ்தலும் நேராவண்ணம் காப்போமாக, அசைவையே மறுத்துவிடாதிருப்போமாக.