உங்களுக்குத் தெரியுமா? டோக்கியோவின் நீலப் பூனை படுவான்கரைக்கு வந்த கதை

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையிலுள்ள வவுணதீவில் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு டொரேமோனை அறிமுகம் செய்யத் தேவையில்லை. கதையில் வரும் பையன் நோபிட்டாவின் அழுகையும், முரட்டுத் தோழன் ஜியானின் பாட்டும் அவர்களுக்கு மனப்பாடம். அந்தப் பூனை படுவான்கரை வரை வந்து சேர, வரைந்தவர், பேசியவர், கோபுரம் கட்டியவர், மொழிமாற்றியவர் என்று எத்தனையோ பேர் உழைத்திருக்கிறார்கள். அவர்களைப் பற்றிய செய்திகள் இவை. பெரியவர்கள் படித்துவிட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்.

● பெயர் இல்லாத விளம்பரம்
டொரேமோனைப் படைத்தவர் ஹிரோஷி புஜிமோத்தோ. புஜிகோ எப். புஜியோ என்பது அவரது புனைபெயர். 1969இன் இறுதியில், ஷோகாகுகன் பதிப்பகத்தின் சிறுவர் இதழ்களில் அவரது புதிய சித்திரக்கதைக்கு விளம்பரம் வந்தது. மேசை லாச்சியிலிருந்து ஏதோ பாய்ந்து வருகிறது, பையன் திகைத்து நிற்கிறான். வருவது யார் என்பது படத்தில் இல்லை, பெயரும் இல்லை. கதாநாயகன் யாரென்று புஜிமோத்தோவே அப்போது முடிவு செய்திருக்கவில்லை! மகளின் பொம்மையில் கால் தடுக்கிய நேரத்தில்தான் பூனையும் பொம்மையும் ஒன்றாகி டொரேமோன் பிறந்தது என்று பின்னாளில் அவர் சொன்னார்.

● எல்லாம் 129.3
1970 ஜனவரி இதழ்களில் கதை தொடங்கியது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகளுக்கான ஆறு இதழ்களில் ஒரே நேரத்தில் வந்ததால், அந்தந்த வயதுக்கு ஏற்றபடி தனித்தனியாக வரைய வேண்டியிருந்தது. டொரேமோனின் உயரம் 129.3 சென்டிமீற்றர், எடை 129.3 கிலோ. அக்கால ஜப்பானில் தரம் நான்கில் படித்த பிள்ளையின் சராசரி உயரம் அது. நோபிட்டா அண்ணாந்து பார்க்கத் தேவையில்லாத தோழன் அவன். எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரப் பூனை என்பதால், அவன் பிறந்த நாள் 2112 செப்டெம்பர் 3. அது வர இன்னும் பல பத்தாண்டுகள் இருக்கின்றன.

● ஆறு மாதத்தில் நின்றுபோன தொடர்
தொலைக்காட்சியில் டொரேமோனின் முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. 1973 ஏப்ரலில் நிப்பொன் தொலைக்காட்சியில் ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தொடங்கியது. அதே நேரத்தில் இன்னொரு அலைவரிசையில் ஓடியது ‘மசிங்கர் இசட்’ என்ற இயந்திர மனிதன் தொடர். 26 வாரங்களுக்குப் பிறகு செப்டெம்பரில் டொரேமோன் நின்றது. தயாரித்த நிறுவனமும் மூடப்பட்டுப் படச்சுருள்கள் சிதறிப்போயின. அந்தத் தொடரின் பல பகுதிகளை இன்று யாராலும் பார்க்க முடியாது.

● பத்து நிமிடத்தில் மறுபிறப்பு
1979 ஏப்ரல் 2ஆம் திகதி, ஷின்-எய் நிறுவனம் புதிதாக உருவாக்கிய டொரேமோன் தொடர் டிவி அசாகியில் ஆரம்பமானது. இம்முறை திங்கள் முதல் சனி வரை தினமும் பத்தே நிமிடம். இரவுச் சாப்பாட்டுக்கு முந்திய அந்தப் பத்து நிமிடத்துக்காகப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். 1981இல் வெள்ளி இரவு ஏழு மணிக்கு மாறியது. 2005 மார்ச் வரை 26 ஆண்டுகள் ஓடி, அடுத்த மாதமே புதிய தோற்றத்தில் திரும்பியது. 2019 ஒக்டோபரிலிருந்து சனிக்கிழமை மாலை ஐந்து மணி.

● ஒரு நிமிடத்துக்கு 480 படம்
திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. அத்தனைக்கும் தனித்தனிப் படம் வரைந்தால் வாரம் ஒரு பகுதியை முடிக்கவே முடியாது. 1963 ஜனவரி 1இல் ஒசாமு தெசுகாவின் ‘அஸ்ட்ரோ பாய்’ தொடர் தொடங்கியபோது இதற்கு வழி பிறந்தது. ஒரு படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்திவைத்தால் நொடிக்கு எட்டுப் படம் போதும், நிமிடத்துக்கு 480. அசையாத உடலை அப்படியே விட்டுக் கையை மட்டும் மாற்றுவார்கள், ஓடும் காட்சியைச் சேமித்துவைத்து மறுபடி பயன்படுத்துவார்கள். அனிமே எனப்படும் இன்றைய ஜப்பானியத் தொலைக்காட்சி அசைபடங்களுக்கு அடித்தளம் அந்தச் சிக்கனம்தான்.

● வாய்க்கு மூன்றே படம்
அனிமே பாத்திரம் பேசும்போது வாயை மட்டும் கவனித்துப் பாருங்கள். மூடிய வாய், பாதி திறந்த வாய், முழுதாகத் திறந்த வாய். பெரும்பாலும் இந்த மூன்றும்தான் மாறி மாறி வரும். படம் முடிந்த பிறகே நடிகர்கள் திரையைப் பார்த்துக் குரல் கொடுப்பது ஜப்பானிய வழக்கம். உதட்டசைவு ஒவ்வோர் எழுத்தோடும் ஒட்டாததால், வேறு மொழிக் குரலையும் அதே வாயில் பொருத்த முடிகிறது. நோபிட்டா தமிழ் பேசுவது இயல்பாகத் தெரிவதற்கு இதுவும் காரணம்.

● 14 வயது ஜியான்
1979 முதல் 2005 வரை டொரேமோனுக்குக் குரல் தந்தவர் நொபுயோ ஒயாமா என்ற பெண்மணி. அவர் 2024இல், 90ஆவது வயதில் காலமானார். 2005 ஏப்ரலில் ஐந்து முக்கிய பாத்திரங்களின் குரலும் ஒரே நேரத்தில் மாறியது. டொரேமோனாக வசாபி மிசுதா வந்தார். முரட்டு ஜியானுக்குத் தெரிவான சுபாரு கிமுராவுக்கு அப்போது வயது 14 மட்டுமே!

● தாளிலிருந்து கணினிக்கு
கண்ணாடி போன்ற மெல்லிய தாளில் வரைந்து, பின்புறம் வண்ணம் தீட்டிப் படம்பிடிப்பது பழைய முறை. டொரேமோன் 2002இல் கணினி வண்ணத்துக்கு மாறியது. கடைசிவரை கைவண்ணத்தை விடாத தொடர் ‘சசாயே-சான்’. 1969 ஒக்டோபரில் தொடங்கி இன்றும் ஓடும் அது, உலகிலேயே நீண்ட காலம் ஒளிபரப்பாகும் அனிமேஷன் தொடர் என்ற கின்னஸ் சாதனைக்கு உரியது. அதுகூட 2013இல் முழுமையாகக் கணினிக்கு மாறிவிட்டது.

● பென்சிலை விடாத மனிதர்
1980 மார்ச்சில் டொரேமோனின் முதல் முழுநீளத் திரைப்படம் வந்தது. அதன் பிறகு வசந்த காலத்தில் ஒரு படம் என்பது ஜப்பானியக் குடும்பங்களின் வழக்கமாகிவிட்டது. 1997இன் படத்துக்கான கதையை வரைந்துகொண்டிருந்த நாட்களில்தான் புஜிமோத்தோ மயங்கி விழுந்தார். 1996 செப்டெம்பர் 23இல் அவர் மறைந்தார். மீதிக் கதையை அவரது உதவியாளர்கள் முடித்தார்கள்.

● வியட்நாம் பிள்ளைகளுக்குக் கொடுத்த பணம்
1992இல் வியட்நாமில் டொரேமோன் புத்தகங்கள் உரிமை பெறாமலேயே அச்சாகி அமோகமாக விற்றன. பிறகு பதிப்பகம் உரிமைத்தொகை தர முன்வந்தது. புஜிமோத்தோ அதைத் தமக்கென எடுத்துக்கொள்ளவில்லை. வியட்நாமின் ஏழைப் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் நிதியாக மாற்றிவிட்டார். பிள்ளைகளுக்காக எழுதுகிற எவரும் நெஞ்சில் வைக்க வேண்டிய செயல் இது.

● ரூபவாஹினியும் ஜப்பானின் கொடையே
இலங்கையில் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரலில், டொரேமோன் டிவி அசாகிக்கு வந்த அதே மாதம்! சிறிய அளவில் தொடங்கிய ஐ.டி.என். கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் மட்டுமே எட்டியது. நாடு முழுவதற்குமான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் கலையகங்களும் கருவிகளும் ஜப்பானிய அரசின் நன்கொடை. நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உச்சியிலிருந்து அலைகள் புறப்பட்டன. ஜப்பானியக் கதைகள் வருவதற்கு முன்பே, அவற்றைச் சுமந்துவரும் பாதையை ஜப்பான் அமைத்துத் தந்துவிட்டது.

● வாவியின் மேலும் ஒரு ஜப்பானியப் பாலம்
படுவான்கரை மக்கள் இன்னொரு ஜப்பானியக் கொடையை நேரில் அறிவார்கள். மண்முனைத் துறையில் வாவியைக் கடக்க முன்பெல்லாம் ‘பாதை’ எனப்படும் மிதவைக்குத்தான் காத்துக் கிடக்க வேண்டும். ஜப்பானின் உதவியில் கட்டப்பட்ட மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரரைத் தரிசிக்க எழுவான்கரையிலிருந்து போகிறவர்களுக்கு இன்று அது சில நிமிடப் பயணம்.

● ஓஷினுக்கும் அனிமே உண்டு
எண்பதுகளில் இலங்கை வீடுகளை அழவைத்த ‘ஓஷின்’ நினைவிருக்கிறதா? ஜப்பானின் என்.எச்.கே. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை 297 பகுதிகளாக ஒளிபரப்பியது. சராசரியாக 52.6 சதவீதம் பேர் பார்த்த தொடர் அது. 1984இல் அந்தக் கதை அனிமே திரைப்படமாகவும் வந்தது. சின்ன ஓஷினாக நடித்த அயாகோ கொபயாஷியே அதற்கும் குரல் கொடுத்தார்.

● சிங்களம் பேசிய கார்ட்டூன்கள்
வெளிநாட்டுக் கார்ட்டூன்களை அப்படியே ஓடவிடாமல், சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளின் பேச்சிலும் பாட்டிலும் மாற்றிக் கொடுத்தவர் டைட்டஸ் தொட்டவத்த. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘ரேகாவ’ படத்தின் தொகுப்பாளர் அவர். ரூபவாஹினிக்கு வந்தபின் ஒரு தலைமுறைக்கே குரல்களை உருவாக்கினார். 2011இல் அவர் மறைந்தபோது, நடுவயதைக் கடந்தவர்களும் தங்கள் பிள்ளைப் பருவத்தை நினைத்து உருகினார்கள். ஒரே ஓர் ஆள் மனம்வைத்தால் எவ்வளவு செய்யலாம் என்பதற்கு அவர் சாட்சி.

● தமிழ் வந்த வழி
இந்தியாவில் ஜப்பானின் ‘ஜங்கிள் புக்’ தொடரை 1993இல் தூர்தர்ஷன் ஹிந்தியில் காட்டியது. டொரேமோன் 2005இல் ஹங்காமா அலைவரிசைக்கு வந்தது, அதுவும் ஹிந்தியில்தான். தமிழ்க் குரல் அதன் பின்னர் சேர்ந்தது. போர்க்காலப் படுவான்கரையில் மின்சாரமே அரிதாக இருந்தது. போர் ஓய்ந்து, கம்பிகள் வந்து, கூரைகளில் டிஷ் முளைத்தபோது, இந்தியாவின் தமிழ்க் குரலோடு நோபிட்டா நம் வீடுகளுக்குள் நுழைந்தான்.

● இந்தியாவும் பங்காளி
புஜிமோத்தோவின் பால்ய நண்பர் மோத்தோ அபிகோ. இருவரும் புஜிகோ புஜியோ என்ற ஒரே பெயரில் நெடுங்காலம் வரைந்தார்கள். அபிகோவின் படைப்பு ‘நிஞ்ஜா ஹத்தோரி’. அதன் புதிய தொடரை ஷின்-எய் நிறுவனம் இந்திய நிறுவனத்தோடு கூட்டாகத் தயாரித்தது. அதற்கு முன்பே, ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவும் இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகனும் சேர்ந்து இராமாயணத்தை முழுநீள அனிமேயாக்கினார்கள். சுமார் ஒரு இலட்சம் படங்களைக் கையால் வரைந்து முடித்த அந்தப் படம் 1993இல் புதுடில்லியில் திரையிடப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது.

● மொழிக்காகத் தடை
டொரேமோனுக்குத் தடை போட்ட நாடும் உண்டு. 2013இல் பங்களாதேஷ் அரசு அதன் ஹிந்தி ஒளிபரப்பை நிறுத்தியது. பிள்ளைகள் வங்காளத்தை விட்டு ஹிந்தி பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதே காரணம். அடுத்த ஆண்டு டொரேமோன் வங்காளக் குரலில் அங்கே திரும்பிவந்தது. அமெரிக்காவில் தடை இல்லை, ஆனால் அங்கும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 2014இல் அங்கு போனபோது நோபிட்டா ‘நோபி’ ஆனான், ஜியான் ‘பிக் ஜி’ ஆனான், சாப்பாட்டுக் குச்சி முள்ளுக்கரண்டி ஆனது. தங்கள் பிள்ளையின் காதுக்கு எது பொருந்தும் என்று ஒவ்வொரு நாடும் யோசித்திருக்கிறது.

● தமிழும் ஜப்பானியமும்
வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவது இரண்டு மொழிக்கும் பொது. ஆகவே ஜப்பானிய வசனம் முடிகிற இடத்திலேயே தமிழ் வசனத்தையும் முடிப்பது எளிது. மொழியறிஞர் சுசுமு ஓனோ, இரு மொழிகளும் உறவு மொழிகள் என்றே வாதிட்டார். அவரோடு சேர்ந்து டோக்கியோவின் கக்குஷுயின் பல்கலைக்கழகத்தில் உழைத்தவர்கள் நம் நாட்டுப் பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும். உறவுக் கொள்கையைப் பெரும்பாலான மொழியியலாளர் ஏற்கவில்லை. ஆனாலும் அந்த ஒப்பீட்டு உழைப்பு பெரியது.

● இனி நம் குரல்
இன்று அனிமேக்குத் தமிழ்ச் சந்தை வளர்கிறது. ‘நருட்டோ’ 2022இல் தமிழில் தொலைக்காட்சிக்கு வந்தது. 2025இல் ‘டீமன் ஸ்லேயர்’ திரைப்படம் தமிழ்க் குரலோடு இந்தியத் திரையரங்குகளில் ஓடியது. அந்தக் கலைஞர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மட்டக்களப்புப் பிள்ளை தான் வீட்டில் பேசும் தமிழைத் திரையிலும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமே. சிங்களப் பிள்ளைகளுக்குத் தொட்டவத்த கொடுத்ததை நம் பிள்ளைகளுக்கு நாமும் கொடுக்கலாம். குரலுக்கு இங்கே பஞ்சமில்லை. வடமோடியும் தென்மோடியும் விடிய விடிய ஆடிப் பாடும் கூத்தர்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. உரிமை பெற்று மொழிமாற்றும் வேலையை ஒளிபரப்பாளர்கள் கையிலெடுக்க வேண்டும்.

● ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு
சொந்தக் கதைக்கு யாருடைய உரிமையும் தேவையில்லை. ஒரு நிமிட அனிமேக்கு 480 படம் என்று மேலே பார்த்தோம். வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு 12 படம். ஒரே அளவுத் தாள், பென்சில், அசையாமல் நிறுத்திய ஒரு கைத்தொலைபேசி, படங்களை வரிசைப்படுத்தும் இலவசச் செயலி, அவ்வளவுதான் செலவு. வாய்க்கு மூன்று படம் வரைந்தால் பாத்திரம் பேசும். அடுத்த பாடசாலைக் கண்காட்சிக்கு, ஊரில் அம்மம்மாமார் சொல்லும் ஒரு கதையை எடுங்கள். பிள்ளைகளே வரையட்டும், பிள்ளைகளே தங்கள் தமிழில் குரல் கொடுக்கட்டும்.