பன்சக்கி: நீர் சுழற்றும் திரிகை

மகாராஷ்டிர மாநிலத்தில், அண்மைக் காலம் வரை ஔரங்காபாத் என்று வழங்கி, இன்று சத்ரபதி சம்பாஜி நகர் எனப் பெயர் பெற்றுள்ள நகருக்கு வரும் பயணிகளில் பெரும்பாலோர், எல்லோரா, அஜந்தா குகைகளை மனத்திற்கொண்டே வருகின்றனர். நகருக்குள் பீபி கா மக்பராவைக் காண்பதற்கும் சிறிது நேரம் ஒதுக்குகின்றனர். அதற்கு அருகிலேயே, காம் ஆற்றங்கரையில், மஹ்மூத் தர்வாசா என்னும் பழைய நகர வாயிலை ஒட்டி அமைந்துள்ளது பன்சக்கி. 'பன்' என்பது நீர். 'சக்கி' என்பது திரிகை. மின்சாரமும் நீராவி எந்திரமும் வருவதற்கு முன்பே, மனிதர் கையோ மாடுகளின் உழைப்போ இன்றி, நீரின் விசையால் மட்டும் தானியம் அரைத்த ஆலை இது.

பசித்தோருக்காக எழுந்த ஆலை

மத்திய ஆசியாவின் புகாரா பகுதியைச் சேர்ந்த சூஃபி ஞானி பாபா ஷா முசாஃபிர், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நகரில் தங்கியவர். அவரை நாடிச் சீடர்களும் யாத்திரிகர்களும் ஆதரவற்றோரும் வந்தனர். வந்தவர்க்கெல்லாம் உணவிட வேண்டுமெனில் நாள்தோறும் மூட்டை மூட்டையாக மாவு தேவை. இரண்டு படி கேழ்வரகைத் திரிகையில் அரைத்து முடிப்பதற்குள் தோள் எவ்வாறு வலிக்கும் என்பதை நம் பாட்டிமார் நன்கறிவர்.

இத்தேவையை நிறைவேற்றவே இந்த நீர்த்திரிகை எழுந்தது. துருக்தாஸ் கான் என்னும் பிரபு இதனை அமைத்ததாகவும், மசூதியின் முன்னுள்ள நீள்சதுரத் தடாகத்தையும் நீரூற்றுகளையும் பின்னர் ஜமீல் பேக் கான் சேர்த்ததாகவும் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. அன்னதானத்துக்குத் தானியம் வழங்குவோர் பலர். அத்தானியத்தை என்றென்றும் அரைத்துத் தரும் ஏற்பாட்டையே தானமாக வழங்கியது இங்குள்ள சிறப்பு.

மலையடிவாரம் முதல் திரிகை வரை

திரிகைக்கான நீர், நகருக்கு வடக்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் மலைப்பகுதியிலுள்ள நீர்மூலத்திலிருந்து, நிலத்தடியில் பதிக்கப்பட்ட சுடுமண் குழாய்களின் வழியே வருகிறது. இந்நகருக்கு இக்கலை புதிதன்று. 1610இல் கட்கி என்னும் பெயரில் இந்நகரை நிறுவிய மாலிக் அம்பர், நஹர் எனப்படும் நிலத்தடி நீர்வழியை ஏற்கனவே இங்கு அமைத்திருந்தார்.

நீர்மூலம் உயரத்தில் இருப்பதால் இறைக்கும் எந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. வழியில் ஆங்காங்கே எழுப்பப்பட்ட கட்டுமானத் தூண்கள், குழாயில் தங்கும் காற்றை வெளியேற்றி அழுத்தத்தைச் சீராக்கின. இறுதியில், பன்சக்கியின் உயர்ந்த சுவருக்குள் ஏறும் நீர், அங்கிருந்து தடாகத்தில் அருவியாக வீழ்கிறது. திரிகைக்கெனப் பிரியும் நீர், கீழே படுக்கைவாட்டில் பொருத்தப்பட்ட சக்கரத்தின் இதழ்களில் மோதுகிறது. சக்கரம் சுழல, அதன் அச்சோடு இணைந்த மேற்கல்லும் சுழல்கிறது. கீழ்க்கல் அசைவதில்லை. இரண்டுக்கும் இடையே விழும் தானியம் மாவாகிறது. இமயமலைக் கிராமங்களில் 'கராட்' என்னும் பெயரில் இன்றும் இயங்கும் சிறு நீராலைகளும் இதே தத்துவத்தைக் கொண்டவையே.

ஒரே நீர், பல பணிகள்

அலுவல் நிமித்தமாக அந்நகரில் தங்கியிருந்தபோது பன்சக்கியைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. கல் சுழல்வதைக் கண்டு வியந்து உடனே திரும்பிவிடுவோர் பலர். வளாகத்தைச் சற்று நிதானமாகச் சுற்றி வந்தால், இதன் உண்மையான நுட்பம் விளங்கும். திரிகையைச் சுழற்றும் அதே நீர்வழியே தடாகத்தையும் நிரப்புகிறது. தடாகத்தின் தளம், கீழே பருத்த தூண்களின் மேல் அமைந்த பெரிய மண்டபத்துக்குக் கூரையாகிறது. தலைக்கு மேல் நீர் நிற்பதால், தக்காணத்தின் கோடையிலும் யாத்திரிகர்கள் அங்கே குளிர்ச்சியாகத் தங்க முடிந்தது. தடாகம் நிரம்பி வழியும் நீர் காம் ஆற்றில் சேர்கிறது. மசூதி, பாபாவின் தர்கா, தடாகத்தில் நீந்தும் மீன்கள், அறுநூறு ஆண்டுகள் பழமையானது என உள்ளூரார் கூறும் ஆலமரம் ஆகியவையும் இங்கு காணத்தக்கவை.

முதலும் வட்டியும்

வணிகவியல் பயின்றவனுக்கு இங்கே ஓர் எண்ணம் எழுவது இயல்பு. திரிகையைச் சுழற்றிய பின்னரும் நீர் குறைவதில்லை. முதல் கரையாமல் வட்டி மட்டும் செலவாகும் அறக்கட்டளையைப் போன்றது இது. ஆனால் எந்தச் சொத்துக்கும் தேய்மானம் உண்டு; அதற்கென ஆண்டுதோறும் ஒதுக்கீடு செய்யாவிடில் முதலே கரைந்துவிடும். பன்சக்கியின் முதல் என்பது கல்லும் சக்கரமும் மட்டுமன்று. மலையில் ஊறும் நீரும், அதனைச் சுமந்து வரும் மண்குழாய்களுமே அதன் உயிர்நாடி. குழாய் செல்லும் வழியெங்கும் இன்று நகரம் வளர்ந்துவிட்டது. கடும் கோடையில் நீர்வரத்து குன்றும்போது அருவியும் மெலிகிறது. வளாகத்தை மட்டும் புதுப்பித்து நீர்வழியைக் கைவிட்டால், நமக்கு எஞ்சுவது இயங்கும் ஆலையன்று, வெறும் காட்சிப்பொருளே. கண்ணுக்குத் தெரியாத அந்த எட்டுக் கிலோமீட்டரைக் காப்பதே இந்நினைவுச் சின்னத்தைக் காப்பதாகும்.

செல்வோர் கவனத்திற்கு

ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோவில் எளிதில் சென்றடையலாம். எல்லோரா ஏறத்தாழ 30 கிலோமீட்டர், அஜந்தா ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. மழைக்காலம் முடிந்து நீர் நிறைந்திருக்கும் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏற்றவை. பீபி கா மக்பராவையும் பன்சக்கியையும் ஒரே காலைப்பொழுதில் காணலாம். இது வழிபாட்டிடமும் ஆதலால், தர்காவிலும் மசூதியிலும் காலணிகளைக் கழற்றி, அமைதி காத்தல் வேண்டும். குழந்தைகளை உடன் அழைத்துச் செல்வோர், திரிகை அறையில் சிறிது நேரம் நின்று, மேலிருந்து விழும் நீர் கல்லைச் சுழற்றும் விதத்தை அவர்களுக்கு விளக்கிக் காட்டலாம்.