கடைசி ரயிலை விட்டா கரோக்கி ரூம்: ஜப்பானில் மாணவர்களின் இரவு எப்படி?

கரோக்கின்னா மேடை, மைக், எதிரே தெரியாத கூட்டம் என்றுதான் பலரும் நினைப்போம். ஜப்பானுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு முதல் ஆச்சரியம் இங்கேதான். அங்கே தெரியாத ஆள் யார் முன்னாலும் பாட வேண்டியதில்லை. ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து, நாலைந்து நண்பர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவார்கள். இதற்கு ‘கரோக்கி பாக்ஸ்’ என்று பெயர். 1980-களின் நடுவில் ஓக்காயாமா பகுதியில் பழைய சரக்கு கன்டெய்னர்களை அறையாக மாற்றித்தான் இந்த வழக்கம் தொடங்கியது.

‘காரா’ என்றால் வெறுமை. ‘ஓகே’ என்பது ஆர்கெஸ்ட்ரா என்பதன் சுருக்கம். ஆள் இல்லாத ஆர்கெஸ்ட்ரா! 1971-ல் கோபே நகரத்து இசைக்கலைஞர் டைசுகே இனோவே, காசு போட்டால் பின்னணி இசை ஒலிக்கும் பெட்டியை வாடகைக்கு விடத் தொடங்கினார். (டோக்கியோவில் ஷிகெய்ச்சி நெகிஷி 1967-லேயே இதுபோன்ற ஒரு கருவியைச் செய்துவிட்டார்.) இனோவே காப்புரிமை வாங்கவில்லை. அவருக்குக் கிடைத்தது, 2004-ல் நகைச்சுவையாக வழங்கப்படும் ‘இக் நோபல்’ அமைதிப் பரிசு!

சரி, மாணவர் கையைக் கடிக்காதா? கட்டணம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்கு, ஓர் ஆளுக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். வார நாள் பகலில் மலிவு. வெள்ளி, சனி இரவுகளில் எகிறும். மாணவர் அடையாள அட்டையைக் காட்டினால் பல கடைகளில் தள்ளுபடி உண்டு. ஆனால் பலகையில் போட்டிருக்கும் விலையை மட்டும் நம்பி உள்ளே போகாதீங்க. தலைக்கு ஒரு பானம் கட்டாயம் வாங்க வேண்டும் என்ற விதி பல இடங்களில் இருக்கிறது.

இரவில்தான் கணக்கு மாறும். பெருநகரங்களில்கூட நள்ளிரவை ஒட்டி ரயில்கள் நின்றுவிடும். மறுபடி ஓட விடியற்காலை ஐந்து மணியாகிவிடும். டாக்சியில் போகலாம்தான். இரவு 10 முதல் காலை 5 வரை 20 சதவீதம் கூடுதல் கட்டணம். அதனால் கடைசி ரயிலை விட்டவர்கள், இரவு 11 மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை ஒரே கட்டணம் என்ற ‘ஃப்ரீ டைம்’ திட்டத்தை எடுத்துக்கொள்கிறார்கள். மூணு மணிக்கு மேல் பாதிப் பேர் சோபாவில் தூக்கம், மீதிப் பேர் கையில் மைக்!

உண்மையான லாபம் மொழியில் இருக்கிறது. திரையில் பாடல் வரிகள் ஓடும்போது, கடினமான காஞ்சி எழுத்துகளுக்கு மேலே அவற்றின் உச்சரிப்பு சிறிய எழுத்தில் வரும். பாட வேண்டிய இடத்தில் நிறம் மாறிக்கொண்டே போகும். அந்த வேகத்துக்கு வாசித்தே ஆக வேண்டும். வகுப்பில் இப்படி ஒரு நெருக்கடி கிடைக்காது. தவறாகப் படித்தாலும் பரவாயில்லை, மதிப்பெண் போடும் இயந்திரம் சுருதியைத்தான் பார்க்கும், சொல்லை அல்ல. வகுப்பில் தலைகுனிந்தே இருக்கும் ஜப்பானிய நண்பர்களும் இந்த அறைக்குள் சத்தமாகச் சிரித்துப் பேசுவதுண்டு. தனியாகப் போய்ப் பாடுவதற்கும் ‘ஹிதோகரா’ என்று பெயரே இருக்கிறது. யாரும் ஒரு மாதிரி பார்க்க மாட்டார்கள்.

தமிழ்ப் பாட்டு பாட ஆசையா? மொபைலை டி.வி.யோடு இணைக்கும் கேபிள் கிடைக்குமா என்று வரவேற்பில் கேளுங்கள்.

ஓரிரு விஷயங்களில் மட்டும் உஷார். ஜப்பானில் 2022 ஏப்ரல் முதல் 18 வயதிலேயே மேஜர். மது அருந்தும் வயது மட்டும் இன்னும் 20-தான். கரோக்கி வைத்திருக்கும் ‘ஸ்னாக்’ எனப்படும் மதுக்கூடங்கள் வேறு ரகம். வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து உபசரிக்கும் உரிமம் பெற்ற இடங்களில், மாணவர் விசாவில் இருப்பவர்கள் பாத்திரம் கழுவும் வேலைகூடப் பார்க்கக் கூடாது. வாரத்துக்கு 28 மணி நேரம்தான் பகுதி நேர வேலை என்ற வரம்பை மீறுவதைப் போலவே, இதுவும் விசா நீட்டிப்புக்கே உலை வைக்கும்.

நேரம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது சுவரில் இருக்கும் போன் அடிக்கும். பயப்பட வேண்டாம், கிளம்புகிறீர்களா என்று கேட்கத்தான். இன்னும் பாட வேண்டுமானால் ‘என்சோ’ என்றால் போதும், நேரத்தை நீட்டிப்பார்கள். அடுத்த அரை மணி நேரத்துக்கான காசு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.