குழாய்த் தண்ணீர் கீழே போகப் போக ஏன் மெலிகிறது?

குழாயை லேசாகத் திறந்து பாருங்கள். வாயருகே விரல் பருமனில் இறங்கும் தண்ணீர், வாளியை எட்டும்போது பாதியாக மெலிந்திருக்கும். நடுவில் ஒரு சொட்டும் காணாமல் போகவில்லை. பிறகு ஏன்?

விழும் தண்ணீரைப் புவியீர்ப்பு வேகப்படுத்திக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஒரு விநாடியில் மேலே வெளியேறும் அளவுதான் கீழேயும் கடந்தாக வேண்டும். தண்ணீரை இழுத்து விரிக்க முடியாது. வேகம் கூடினால் குறுக்குப் பரப்பு குறைந்தே தீரும். குழாய் வாயில் விநாடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால், 30 சென்டிமீட்டர் கீழே அது சுமார் 2.5 மீட்டர். வேகம் ஐந்து மடங்கு; பரப்பு ஐந்தில் ஒரு பங்கு; விட்டம் பாதிக்கும் குறைவு. பாய்ம இயக்கவியலின் தொடர்ச்சி விதி இதுதான். ஒடுங்கிய இடத்தில் ஆறு விரைவதும் இதனால்தான்.

இன்னும் கீழே தாரை சொட்டுகளாக உடைகிறது. காரணம் பரப்பு இழுவிசை. நீண்ட உருளையைவிட உருண்டைச் சொட்டுகளுக்கு மேற்பரப்பு குறைவு. தாரையின் சுற்றளவைவிட நீளமான ஒரு நெளிவு விழுந்தால் போதும், அது வளர்ந்து தாரையை அறுத்துவிடும். பெல்ஜியத்தின் ஜோசப் பிளாட்டோ, பார்வையை முற்றிலும் இழந்த பின்னும் மற்றவர்களின் கண்களைக் கொண்டு இத்தகைய ஆய்வுகளைத் தொடர்ந்து, 1873இல் நூலாக வெளியிட்டார். இந்தத் துறையில் இதைவிட மதிப்புக்குரிய உழைப்பை நான் அறியேன். பாக்கெட்டுகளில் தேதி அச்சிடும் மைத்தாரை இயந்திரங்கள் இன்றும் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.