குற்றாலச் சாரலும் பார்டர் பரோட்டாவும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தென்காசி மாவட்டம் குற்றாலத்தில் சீசன் களைகட்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை சாரல் காலம். பேரருவியின் நீர் நேரே தரைக்கு வருவதில்லை. இடையில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பாறைக்குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிகிறது. அதனால்தான் அடியில் நின்று சுகமாகக் குளிக்க முடிகிறது. சாலையோரப் பழக்கடைகளில் ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவிந்திருக்கும். மங்குஸ்தானின் தடித்த ஊதாத் தோலை இரு உள்ளங்கைகளால் அழுத்திப் பிளந்தால், பூண்டுப் பல் போன்ற வெண்சுளைகள் தெரியும். குளித்த பசிக்குச் செங்கோட்டை அருகே பிரானூர் பார்டர் பரோட்டாவும் கோழி வறுவலும் அருமையான ஜோடி. பிய்த்துப் போட்ட பரோட்டாவின் மேல் சால்னாவைத் தாராளமாக ஊற்றுவார்கள். மலையில் மழை வலுத்தால் அருவியில் திடீர் வெள்ளம் பாயும். குளிக்கத் தடை அறிவித்தால் உடனே வெளியேறிவிடுங்கள்.